பாதியில் நின்ற அப்டேட்: பழைய கெர்னலிலும் கறுப்புத் திரையே வருகிறது

வண்ணை டிடிபி, திங்கள் காலை 9.40

வணக்கம். பழைய வண்ணாரப்பேட்டையில், எம்.சி. ரோட்டை ஒட்டிய சந்து ஒன்றில் சிறிய டிடிபி கடை நடத்தி வருகிறேன். திருமண அழைப்பிதழ், மஞ்சள் நீராட்டு விழாப் பத்திரிகை, நினைவஞ்சலிச் சுவரொட்டி, துணிக்கடைகளுக்கான பில் புத்தகம் என்று வருகிற வேலைகளை வடிவமைத்து அச்சகத்துக்கு அனுப்புவதுதான் தொழில். கடையில் இருப்பது ஒரே கணினி. நான்காம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ராம், 240 ஜிபி எஸ்எஸ்டி, என்விடியா ஜிடி 710 கிராஃபிக்ஸ் கார்டு. லினக்ஸ் மின்ட் 21.3 இயங்குதளத்தைப் பயன்படுத்துகிறேன், கார்டுக்கு 470 வரிசை டிரைவரை டிரைவர் மேனேஜர் வழியாக நிறுவியிருந்தேன்.

நேற்று இரவு கடையை அடைக்கும் முன், பல வாரங்களாகத் தள்ளிப்போட்டிருந்த அப்டேட்டுகளை எல்லாம் ஒன்றாகத் தேர்ந்தெடுத்து நிறுவச் சொன்னேன். அவற்றில் ஒரு கெர்னலும் (இயங்குதளத்தின் உட்கரு) என்விடியா டிரைவரும் இருந்தது நினைவிருக்கிறது. பதிவிறக்கம் முடிந்து நிறுவல் ஓடிக்கொண்டிருந்தபோது மின்சாரம் போய்விட்டது. யூபிஎஸ் பேட்டரிக்கு நான்கு வயதாகிறது. ஐந்து நிமிடமாவது தாங்கும் என்று நம்பியிருந்தேன், அரை நிமிடம்கூடத் தாங்கவில்லை.

மின்சாரம் வந்து கணினியை இயக்கியதும் மின்ட் சின்னம் தோன்றி மறைந்தது. அதன் பிறகு கறுப்புத் திரையும் மூலையில் துடிக்கும் ஒரு கோடும்தான். கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் எழுத்துத் திரை வருகிறது, கடவுச்சொல்லை ஏற்கிறது, என் கோப்புகளின் பெயர்களும் தெரிகின்றன. அப்டேட்டுக்குப் பிறகு கெடுதல் வந்தால் பழைய கெர்னலில் போய்ப் பார்க்க வேண்டும் என்று எங்கோ படித்திருந்ததால், தொடக்க மெனுவில் அதையும் தேர்ந்தெடுத்துப் பார்த்தேன். அங்கும் இதே கறுப்புத் திரை. இதுதான் எனக்குப் புரியவில்லை. புதிய கெர்னல்தான் காரணம் என்றால் பழையது ஓடியிருக்க வேண்டும் அல்லவா?

பக்கத்துத் தெருவில் கணினி பழுது பார்ப்பவர், ஃபார்மேட் செய்வதைத் தவிர வேறு வழியில்லை என்கிறார். ஆடி முடிந்து வருகிற முதல் முகூர்த்தத்துக்கான நான்கு அழைப்பிதழ்களின் ஸ்கிரைபஸ் (பக்க வடிவமைப்பு மென்பொருள்) கோப்புகள் உள்ளே இருக்கின்றன. புதன்கிழமை மாலைக்குள் அவை அச்சகத்துக்குப் போக வேண்டும். ஃபார்மேட் செய்யாமல் மீட்க முடியுமா? கைப்பேசியிலிருந்து எழுதுகிறேன்.


பெரம்பூர்வாசி, திங்கள் காலை 10.25

ஐயா, எழுத்துத் திரை வருகிறது, கடவுச்சொல்லை ஏற்கிறது என்றால் வட்டும் கோப்பு முறைமையும் அதற்கு மேல் ஓடும் அடிப்படைச் சேவைகளும் உயிருடன்தான் இருக்கின்றன. ஓடாமல் இருப்பது படம் காட்டும் பகுதி மட்டுமே. ஃபார்மேட் வேண்டாம்.

முதலில் கோப்புகளை வெளியே எடுத்துவிடுங்கள். எழுத்துத் திரையிலேயே அதைச் செய்யலாம். பென் டிரைவைச் செருகி, 'எல்எஸ்பிஎல்கே' என்று தட்டினால் அதன் பெயர் தெரியும். அதை '/எம்என்டி' அடைவில் மவுண்ட் செய்து (அதாவது இணைத்து), அழைப்பிதழ் கோப்புறையை 'சிபி -ஆர்' கொண்டு நகலெடுத்து, 'சிங்க்' கட்டளை முடியும்வரை காத்திருந்து, 'யூமவுண்ட்' செய்த பிறகே பிடுங்குங்கள். கட்டளைகளை இங்கே ஒலிப்படி தமிழில் எழுதுகிறேன். தட்டும்போது ஆங்கிலச் சிற்றெழுத்துகள் என்று கொள்ளுங்கள்.

நகல் கைக்கு வந்தபின், எதையும் திருத்தாமல் பின்வருவனவற்றை மட்டும் பார்த்துச் சொல்லுங்கள். 'யூநேம் -ஆர்' எந்தக் கெர்னல் எண்ணைக் காட்டுகிறது? 'சூடோ டிபிகேஜி --ஆடிட்' ஏதாவது பட்டியல் தருகிறதா (டிபிகேஜி என்பது மென்பொருள் தொகுப்புகளை நிறுவும் கருவி)? 'டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ்' என்ன சொல்கிறது? 'டிஎஃப் -எச்' பட்டியலில், கணினி தொடங்கத் தேவையான கோப்புகள் இருக்கும் பூட் பகுதி எவ்வளவு நிரம்பியிருக்கிறது? '/வார்/லாக்/ஏபிடி' அடைவில் 'ஹிஸ்டரி' என்ற பதிவுக் கோப்பு இருக்கும். அதன் கடைசிப் பத்தியில் தொடக்க நேரம், முடிவு நேரம் இரண்டும் இருக்கின்றனவா என்று பாருங்கள்.


எண்ணூர் பென்குயின், திங்கள் காலை 11.10

இவ்வளவு சுற்றி வர வேண்டுமா என்று தோன்றுகிறது. மின்ட் 22 வந்தது 2024-இலேயே. பென் டிரைவில் அதை எழுதி, நம் கோப்புகள் இருக்கும் ஹோம் பகுதியை மட்டும் விட்டுவிட்டுப் புதிதாக நிறுவினால் அரை மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். நான் எப்போதும் அப்படித்தான் செய்கிறேன்.


பெரம்பூர்வாசி, திங்கள் காலை 11.30

உங்களுக்கு ஹோம் தனிப் பகுதியாக இருப்பதால் அது எளிது. அவருக்கு அப்படி இருக்கிறதா என்று நமக்குத் தெரியாது; மின்ட் நிறுவியின் இயல்பான தேர்வில் ஹோம் தனியாக வருவதில்லை. மேலும், ஜிடி 710 கெப்ளர் வகையைச் சேர்ந்த கார்டு. என்விடியா நிறுவனம் அவ்வகைக்கு ஆதரவளித்த கடைசி வரிசை 470. அதற்கான திருத்தங்களும் 2024-உடன் நின்றுவிட்டன. கெர்னல் புதிதாக ஆக ஆக அந்த டிரைவரை அதனோடு சேர்த்துத் தொகுப்பது கடினமாகிக்கொண்டே போகும். மின்ட் 22-க்குப் போவதால் இந்தச் சிக்கல் குறையாது, கூடத்தான் செய்யும். மின்ட் 21 வரிசைக்கு 2027 ஏப்ரல் வரை ஆதரவு இருக்கிறது. முகூர்த்த வேலை கையில் இருக்கும் வாரத்தில் வீட்டையே மாற்ற வேண்டியதில்லை.


வண்ணை டிடிபி, திங்கள் மதியம் 1.15

பென் டிரைவில் நகலெடுத்துவிட்டேன், நன்றி. இனி பதற்றமில்லாமல் எழுத முடிகிறது. கேட்ட விவரங்கள்:

யூநேம் காட்டுவது நேற்றுக் காலைவரை நான் பயன்படுத்திய அதே 5.15 கெர்னலின் எண். புதிய கெர்னலின் எண் தொடக்க மெனுவிலேயே இல்லை. நான் "பழைய கெர்னல்" என்று நினைத்துத் தேர்ந்தெடுத்தது அதற்கும் முந்தையது என்பது இப்போதுதான் தெரிகிறது. டிபிகேஜி ஆடிட் ஒரு நீண்ட பட்டியலைத் தந்தது. தொகுப்புகள் பிரிக்கப்பட்டிருக்கின்றன, ஆனால் இன்னும் அமைக்கப்படவில்லை என்ற பொருளில் தலைப்பு இருந்தது. பட்டியலில் புதிய கெர்னலும் என்விடியா பெயரில் பல தொகுப்புகளும் உள்ளன. டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ் ஒன்றுமே சொல்லாமல் அடுத்த வரிக்கு வந்துவிட்டது. ஹிஸ்டரி கோப்பின் கடைசிப் பத்தியில் தொடக்க நேரம் இருக்கிறது, முடிவு நேரம் இல்லை. பூட் என்பது 500 எம்பி அளவுள்ள தனிப் பகுதி, 92 விழுக்காடு நிரம்பியிருக்கிறது. ஹோம் தனியாக இல்லை.


பெரம்பூர்வாசி, திங்கள் மதியம் 2.05

உங்கள் கேள்விக்கான விடை இந்த விவரங்களிலேயே இருக்கிறது. நீங்கள் இன்னும் புதிய கெர்னலுக்குப் போகவே இல்லை. ஆகவே புதிய கெர்னல் எதையும் கெடுக்கவில்லை.

உபுண்டு, டெபியன், மின்ட் ஆகியவற்றில் ஓர் அப்டேட் இரண்டு கட்டமாக நடக்கிறது. முதல் கட்டத்தில் புதிய கோப்புகள் பிரித்து அடுக்கப்படுகின்றன. இரண்டாவது கட்டத்தில் ஒவ்வொரு தொகுப்பும் தன் அமைவு நிரலை ஓட்டித் தன்னைப் பொருத்திக்கொள்கிறது. புதிய கெர்னலுக்கான தொடக்க வட்டுப் படம் (கணினி தொடங்கும்போது கெர்னலோடு ஏற்றப்படும் கோப்பு) உருவாவதும், தொடக்க மெனுவில் அதன் பெயர் ஏறுவதும் இரண்டாவது கட்டத்தில்தான். அங்கே போய்ச் சேரும் முன் மின்சாரம் போய்விட்டதால்தான் மெனுவில் அந்த எண் இல்லை.

என்விடியாவின் கதை சற்று வேறு. அந்த டிரைவரின் ஒரு பகுதி, நீங்கள் வைத்திருக்கும் ஒவ்வொரு கெர்னலுக்கும் தனித்தனியாக உங்கள் கணினியிலேயே தொகுக்கப்பட வேண்டியது. அந்த வேலையைச் செய்வதுதான் டிகேஎம்எஸ். டிரைவரின் புதிய பதிப்பு வரும்போது, பழைய பதிப்புக்காகத் தொகுத்து வைத்திருந்தவற்றை எல்லாக் கெர்னல்களிலிருந்தும் அது முதலில் நீக்கிவிடும். புதியதைத் தொகுப்பது அமைவுக் கட்டத்தில். உங்களுக்கு நீக்கல் முடிந்துவிட்டது, தொகுத்தல் தொடங்கவில்லை. எனவே எந்தக் கெர்னலில் போனாலும் என்விடியா இல்லை. அந்த இடத்தை நிரப்பக்கூடிய நூவோ என்ற கட்டற்ற டிரைவர் கெர்னலுக்குள்ளேயே இருக்கிறது. ஆனால் என்விடியா தொகுப்பு நிறுவப்படும்போதே நூவோவைத் தடைப்பட்டியலில் சேர்த்துவிடுகிறது. பழைய பூட்டைக் கழற்றிவிட்டுப் புதிய பூட்டைப் போடும் முன் ஆசாரி வீட்டுக்குப் போய்விட்டதைப் போன்ற நிலை இது.

ஆகவே நீங்கள் பின்னோக்கிப் போக வேண்டியதில்லை. நின்ற இடத்திலிருந்து வேலையை முடிக்க வேண்டும். அதற்கான கட்டளை 'சூடோ டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ'. இடையில் ஏதேனும் அமைப்புக் கோப்பை மாற்றலாமா என்று கேட்டால் வெறுமனே என்டர் தட்டுங்கள். உங்கள் பழைய அமைப்பு அப்படியே இருக்கும். டிரைவரைத் தொகுக்கும் இடத்தில் சில நிமிடங்கள் அசைவற்று நிற்பதுபோல் தோன்றும். நின்றுவிட்டது என்று எண்ணி அணைத்துவிடாதீர்கள். யூபிஎஸ்-ஐ மட்டும் இரவல் வாங்கியாவது சரிசெய்துகொண்டு தொடங்குங்கள். அதை நான் மிகையாகச் சொல்லவில்லை.


காசிமேடு ஹார்டுவேர், திங்கள் மாலை 4.50

தம்பி, நான் பெட்டியைத் திறந்து பார்க்கிற ஆள், மென்பொருள் ஆள் இல்லை. எங்கள் பக்கம் உப்புக்காற்று. கறுப்புத் திரை என்று யார் வந்தாலும் ராம், கிராஃபிக்ஸ் கார்டு இரண்டையும் கழற்றி, செம்புப் பற்களை ரப்பரால் தேய்த்துவிட்டுத்தான் அடுத்த பேச்சு. உங்களுக்கு அது தேவையில்லை, எழுத்துத் திரை தெளிவாக வருகிறது என்கிறீர்கள்.

ஆனால் யாரும் கேட்காத ஒன்றைக் கேட்கிறேன். நான்காம் தலைமுறை ஐ5 என்றால் பெரும்பாலும் பிராசஸருக்குள்ளேயே இன்டெல் கிராஃபிக்ஸ் இருக்கும். கணினியை அணைத்து, மின்கம்பியைப் பிடுங்கி, ஜிடி 710-ஐக் கழற்றி மேசை மேல் வைத்துவிட்டு, மானிட்டர் கேபிளை மதர்போர்டின் பின்பக்கம் செருகிப் பாருங்கள். கார்டு இருக்கும்வரை சில போர்டுகள் உள் கிராஃபிக்ஸை அணைத்து வைத்திருக்கும்; கழற்றினால் தானாக விழித்துக்கொள்ளும். இன்டெல்லுக்கான டிரைவர் கெர்னலோடு சேர்ந்தே வருவதால் அந்த டிகேஎம்எஸ் சங்கதி எதுவும் அதற்குத் தேவைப்படாது என்று என் மகன் சொல்கிறான். அந்தக் கார்டு எதற்காக வாங்கினீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.


பெரம்பூர்வாசி, திங்கள் மாலை 5.20

மகன் சொல்வது சரி, எனக்கு அது தோன்றாமல் போய்விட்டது. ஒரே ஒரு நிபந்தனை: '/ஈடிசி/எக்ஸ்11' அடைவில் 'எக்ஸார்க்.கான்ஃப்' என்ற கோப்பு இருந்து, அதில் என்விடியா என்று எழுதப்பட்டிருந்தால், அதன் பெயரை மாற்றி வைத்துவிட வேண்டும். பலருக்கு அந்தக் கோப்பே இருக்காது.


வண்ணை டிடிபி, செவ்வாய் காலை 10.10

காசிமேடு அண்ணனுக்கு நன்றி. கார்டைக் கழற்றி கேபிளை மாற்றியதும் டெஸ்க்டாப் வந்துவிட்டது. வால்பேப்பரைப் பார்த்ததும் கடைப் பையன் கைதட்டினான். இரவே இரண்டு அழைப்பிதழ்களை முடித்துவிட்டேன். அந்தக் கார்டு முன்பு விண்டோஸ் வைத்திருந்த காலத்தில், கோரல்டிரா வேகமாக ஓடும் என்று கடைக்காரர் சொன்னதால் வாங்கியது. லினக்ஸுக்கு மாறியபோது அப்படியே கூடவே வந்துவிட்டது.

ஆனால் வேலை முழுதாக முடியவில்லை. இன்று காலை நண்பரின் யூபிஎஸ்-ஐ வாங்கி வந்து, டிபிகேஜி கான்ஃபிகர் கட்டளையை ஓட்டினேன். பெரும்பாலான தொகுப்புகள் சரியாக முடிந்தன. கெர்னல் வந்த இடத்தில், வட்டில் இடமில்லை என்று சொல்லி நின்றுவிட்டது. 240 ஜிபி வட்டில் பாதிகூட நிரம்பவில்லையே! ஏபிடி கொண்டு எதையாவது நீக்கப் பார்த்தால், முடிவுறாத சார்புகள் இருப்பதாகச் சொல்லி மறுக்கிறது. பூட் அடைவுக்குள் நான்கு கெர்னல்களின் கோப்புகள் தெரிகின்றன. பழையவற்றைக் கையால் அழித்துவிடலாமா?


தண்டையார்பேட்டை மாணவி, செவ்வாய் காலை 10.45

தயவுசெய்து கையால் அழிக்காதீர்கள் ஐயா. எங்கள் கல்லூரி ஆய்வகக் கணினி ஒன்றில் நான் அதைச் செய்து, மாலைவரை திட்டு வாங்கியிருக்கிறேன். கோப்பு போய்விடும், ஆனால் அந்தக் கெர்னல் இன்னும் இருக்கிறது என்றே டிபிகேஜியின் கணக்கேட்டில் இருக்கும். அடுத்த முறை அதற்கும் தொடக்க வட்டுப் படத்தை உருவாக்கப் பார்த்து மறுபடியும் அதே இடத்தில் விழும்.

இடமில்லை என்பது முழு வட்டைப் பற்றியதன்று, அந்த 500 எம்பி பூட் பகுதியைப் பற்றியது. ஒவ்வொரு கெர்னலுக்கும் அங்கே ஒரு தொடக்க வட்டுப் படம் உருவாகிறது. உங்கள் பகுதி நிரம்பியிருக்கும் அளவைப் பார்த்தால் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 100 எம்பி இருக்க வேண்டும். நான்கு ஏற்கெனவே இருக்கின்றன, ஐந்தாவதுக்கு இடமில்லை. அதாவது மின்சாரம் போகாமல் இருந்திருந்தாலும் உங்கள் அப்டேட் நேற்று முன்தினம் இதே இடத்தில் தடுக்கியிருக்கும்.

ஏபிடி மறுக்கும் நிலையில் அதற்குக் கீழே இருக்கும் டிபிகேஜியை நேரடியாகக் கூப்பிட வேண்டும். 'டிபிகேஜி -எல்' பட்டியலில் 'லினக்ஸ்-இமேஜ்' என்று தொடங்கும் பெயர்களைப் பாருங்கள். இப்போது ஓடிக்கொண்டிருப்பதையும் (யூநேம் காட்டுவது), அதற்கு முந்தைய ஒன்றையும், நிறுவப்பட வேண்டிய புதியதையும் தொடவே கூடாது. மிகப் பழைய இரண்டு எண்கள் மிஞ்சும். முதலில் அவற்றில் ஒன்றை மட்டும் எடுத்து, 'சூடோ டிபிகேஜி --பர்ஜ்' என்ற கட்டளைக்குப் பின் அதே எண்ணுள்ள 'லினக்ஸ்-மாடியூல்ஸ்-எக்ஸ்ட்ரா', 'லினக்ஸ்-இமேஜ்' ஆகிய இரண்டு பெயர்களையும் ஒரே வரியில் கொடுங்கள். இமேஜை மட்டும் தனியாகக் கொடுத்தால், எக்ஸ்ட்ரா அதை நம்பியிருக்கிறது என்று மறுத்துவிடும். பூட் பகுதியில் இடம் வந்துவிட்டதா என்று 'டிஎஃப் -எச்' கொண்டு பார்த்துவிட்டு, கான்ஃபிகர் கட்டளையை மீண்டும் ஓட்டுங்கள். அது பிழையின்றி முடிந்தால், ஏபிடி தன்னிலைக்கு வந்துவிடும். இரண்டாவது பழைய கெர்னலையும் மிச்சம் மீதிகளையும் 'சூடோ ஏபிடி ஆட்டோரிமூவ் --பர்ஜ்' பார்த்துக்கொள்ளும். அது தரும் பட்டியலைப் படித்துவிட்டே ஒப்புதல் கொடுங்கள்.

இன்னொன்று. மின்சாரம் திடீரென்று போகும்போது, எழுதப்பட்டுக்கொண்டிருந்த சில கோப்புகள் வெற்றுக் கோப்புகளாக நின்றுவிடுவது உண்டு. எல்லாம் முடிந்தபின் 'டெப்சம்ஸ்' என்ற சிறிய கருவியை நிறுவி, 'சூடோ டெப்சம்ஸ் -எஸ்' என்று ஓட்டினால், தொகுப்போடு வந்த வடிவத்திலிருந்து மாறிப்போன கோப்புகளை மட்டும் சொல்லும். அப்படி ஏதேனும் வந்தால் அந்தத் தொகுப்பை மறுபடி நிறுவினால் போதும்.


பெரம்பூர்வாசி, செவ்வாய் காலை 11.05

மாணவி சொன்ன வரிசையில் செய்யுங்கள். நான் சேர்க்க ஒன்றுமில்லை. பழைய கெர்னல்கள் இப்படிச் சேர்ந்துகொண்டே போகாமல் இருக்க, அப்டேட் மேனேஜரின் விருப்பங்களில் ஆட்டோமேஷன் என்ற பக்கத்தில், வழக்கொழிந்த கெர்னல்களை நீக்கும் தேர்வு ஒன்று இருக்கிறது. அதை நாம்தான் இயக்க வேண்டும்.

கார்டைப் பற்றி. அழைப்பிதழ் வடிவமைப்பவருக்கு அது என்ன உதவி செய்கிறது என்று யோசித்துப் பாருங்கள். ஸ்கிரைபஸும் இங்க்ஸ்கேப்பும் பெரும்பாலான வேலையைப் பிராசஸரிலேயே செய்கின்றன. இரண்டாவது மானிட்டர் இல்லையென்றால், என் கருத்தில் அந்தக் கார்டு உங்களுக்கு ஒவ்வொரு கெர்னல் அப்டேட்டின்போதும் ஒரு கூடுதல் கண்டம், அவ்வளவுதான். அதை மேசை இழுப்பறையில் போட்டுவிட்டு, என்விடியா பெயருள்ள தொகுப்புகளையும் நீக்கிவிட்டால், டிகேஎம்எஸ் தொகுப்பதற்கு எதுவும் இருக்காது. ஆனால் அதை அழைப்பிதழ்கள் அச்சகத்துக்குப் போன பிறகு செய்யுங்கள்.


எண்ணூர் பென்குயின், செவ்வாய் மதியம் 12.30

புதிதாக நிறுவியிருந்தால் அந்த 500 எம்பி பூட் சிக்கலும் சேர்ந்தே தீர்ந்திருக்கும் என்பதை மட்டும் பதிவு செய்கிறேன்.


பெரம்பூர்வாசி, செவ்வாய் மதியம் 12.50

அது உண்மை. அடுத்த பெரிய பதிப்புக்கு மாறும்போது பூட் தனிப் பகுதியாக வேண்டாம். வட்டை மறையாக்கம் செய்யாத கணினிக்கு அது தேவையே இல்லை.


வண்ணை டிடிபி, புதன் இரவு 8.35

தாமதத்துக்கு மன்னிக்கவும். நான்கு அழைப்பிதழ்களும் மாலை ஐந்து மணிக்கு அச்சகம் போய்ச் சேர்ந்த பிறகே கணினியில் கை வைத்தேன்.

மிகப் பழைய கெர்னல் ஒன்றை நீக்கியதும் பூட் பகுதி 71 விழுக்காட்டுக்கு இறங்கியது. கான்ஃபிகர் கட்டளை இம்முறை கடைசிவரை ஓடியது. என்விடியாவைத் தொகுத்த இடத்தில் ஏழு நிமிடம் அசையாமல் நின்றது, நீங்கள் முன்பே சொல்லியிருந்ததால் தேநீர் குடிக்கப் போய்விட்டேன். மறுதொடக்கம் செய்ததும் யூநேம் புதிய எண்ணைக் காட்டியது. ஆட்டோரிமூவ் இன்னொரு பழைய கெர்னலை எடுத்துச் சென்றது. பிறகு என்விடியா தொகுப்புகளையும் நீக்கினேன். பட்டியலைப் படித்தேன், அதில் என்விடியாவைத் தவிர வேறெதுவும் இல்லை.

டெப்சம்ஸ் ஒரே ஒரு கோப்பைக் காட்டியது, பிரவுசரின் ஐகான் ஒன்று; அளவு பூஜ்ஜியமாக இருந்தது. பணிப்பட்டையில் பிரவுசரின் இடம் இரண்டு நாளாக வெறுமையாக இருந்ததற்குக் காரணம் அதுதான். அந்தத் தொகுப்பை மறுபடி நிறுவியதும் படம் வந்துவிட்டது. நாளை ரிச்சி தெருவுக்குப் போய் யூபிஎஸ் பேட்டரி வாங்கப் போகிறேன்.